தளர்ந்த போல்ட்டும் உதறும் அச்சும்

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றில் சீராகப் போய்க்கொண்டிருக்கும் ஜீப் ரேங்லர் ஒரு பாலத்தின் இணைப்பு இடுக்கைத் தாண்டுகிறது. தடக்கென்று சின்னதாக ஓர் அடி. அடுத்த கணமே முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிபிடித்தாற்போல் ஆடத் தொடங்குகின்றன. ஸ்டியரிங் கைக்குள் அடங்குவதில்லை. டாஷ்போர்டு முதல் கதவு வரை எல்லாம் கடகடக்கிறது. பாலத்தைக் கடந்து வெகுதூரம் வந்த பிறகும் ஆட்டம் ஓய்வதில்லை. வேகத்தை நன்றாகக் குறைத்த பிறகுதான் வண்டி சமநிலைக்கு வருகிறது. அங்குள்ள ஓட்டுநர்கள் இதை ‘டெத் வாபிள்’ என்கிறார்கள். நம் ஒர்க்‌ஷாப்புகளில் ‘வாப்ளிங்’ என்றால் புரியும்.

ஆனால் ஸ்டியரிங் உதறுகிறது என்று வரும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் நோய் ஒன்றல்ல. இதைப் பிரித்தறியாமல் பாகங்களை மாற்றத் தொடங்கினால் பணம்தான் கரையும்.

முதலில் எளிய வகை. 33 அங்குல டயர் பொருத்திய ஜீப் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது சக்கரம் நொடிக்கு எட்டு முறைக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மில் ஒரு பக்கம் 50 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறி, ஒவ்வொரு சுற்றிலும் அச்சை இழுக்கும். வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். சகதியில் இறங்கி ஏறிய வண்டிகளில் ரிம்மின் உட்பக்கம் மண் அப்பிக் காய்ந்திருப்பது மிகச் சாதாரணம். அதைச் சுரண்டி எடுத்தாலே பல வண்டிகளில் அதிர்வு போய்விடும். இல்லையென்றால் வீல் பேலன்சிங். இந்த வகை அதிர்வு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தலைகாட்டும், அதைத் தாண்டியதும் பெரும்பாலும் தணியும். சாலை வழவழப்பாக இருந்தாலும் வரும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அதிர்வு ஸ்டியரிங்கில் இல்லாமல் இருக்கையில் தெரிந்தால், பின்சக்கரங்களையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் சந்தேகிக்கலாம்.

பாலத்தில் தொடங்கியது இவற்றில் சேராது. அதைக் கிளப்பிவிட ஓர் அடி போதும். கிளம்பிய பிறகு அடி தேவையில்லை, வண்டியின் ஓட்டத்திலிருந்தே சக்தியை உறிஞ்சித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. இயற்பியலில் இதைத் தற்கிளர்ச்சி அலைவு என்பார்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சைக்கிள் சக்கரம் ஒன்றை வைத்தே பார்க்கலாம். கழற்றிய சக்கரத்தின் அச்சை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வேறொருவரை அதை வேகமாகச் சுழற்றிவிடச் சொல்ல வேண்டும். பிறகு அச்சின் ஒரு முனையை மேலே தூக்கினால், சக்கரம் மேலே போவதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் திரும்பப் பார்க்கும். ரேங்லரின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே திடமான அச்சின் இரு முனைகளில் இருக்கின்றன. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. டயரும் ரிம்முமாக ஒவ்வொன்றும் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள சக்கரங்கள் உடனே ஒரு பக்கம் திரும்ப முனைகின்றன. திரும்பிய டயரைச் சாலை பக்கவாட்டில் தள்ளுகிறது, அந்தத் தள்ளலில் அச்சு மறுபடி அசைகிறது. இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் இந்தச் சுழற்சி ஓரிரு ஆட்டத்தில் செத்துவிடும். எங்காவது ஒரு மில்லிமீட்டர் ‘ப்ளே’ இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் பெருத்துக்கொண்டே போகும்.

கார்த் தொழிலுக்கு இது நூறாண்டுப் பழைய தலைவலி. 1920-களில் காற்றழுத்தம் குறைந்த, கொழுத்த பலூன் டயர்கள் வந்தன. முன்சக்கரங்களிலும் பிரேக் பொருத்தப்பட்டதால் அச்சின் முனைகள் கனத்தன. கார்கள் அங்கங்கே உதறத் தொடங்கின. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925-இல் எழுதிய ஆய்வுரையில், உருளும் டயர் தான் நோக்கும் திசையிலிருந்து சற்றே விலகி நகர்வதை இந்த ஆட்டத்தோடு தொடர்புபடுத்தினார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி, அச்சையே இரண்டாக்கி, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் தர வேண்டும் என்று வாதாடினார். 1934 மாடல் கார்களில் அது வந்தது. சக்கரம் சாயாமல் நேராக மேலே ஏறினால், அந்தப் பக்கவாட்டுத் திருப்பம் பிறக்க வழியில்லை.

இன்றைய கார்களில் இந்த ஆட்டத்தைக் காணாததற்கு அதுதான் காரணம். ஆனால் பாறையில் ஏறும் வண்டிகளுக்குத் திடமான அச்சு தரும் வலிமையும், ஒரு சக்கரம் ஏறும்போது மறு சக்கரத்தைத் தரையில் அழுத்தும் குணமும் வேண்டியிருக்கின்றன. ரேங்லரும் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையும் அதைக் கைவிடவில்லை. நம் சாலைகளில் ஓடும் மாருதி ஜிப்சிக்கும் ஜிம்னிக்கும் அதே அமைப்புதான். 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். எனவே அதில் உதறல் வந்தால் தேட வேண்டிய இடங்கள் வேறு.

காயில் ஸ்பிரிங் கொண்ட திட அச்சில் சந்தேகத்தின் முதல் இடம் ட்ராக் பார். பான்ஹார்ட் ராடு என்றும் சொல்வார்கள். ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை அச்சிலுமாக, அச்சு இடவலமாக நகராமல் பிடித்து நிறுத்தும் ஒற்றைக் கம்பி அது. இதைச் சோதிக்க வண்டியை ஜாக்கியில் தூக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று விடாமல் திருப்ப வேண்டும். இன்னொருவர் கீழே குனிந்து ட்ராக் பாரின் போல்ட்டுகள், ரப்பர் புஷ், டை ராட் எண்ட், ஸ்டியரிங் பாக்ஸின் பிடிமானம் என ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் அசைவும் விரலுக்குத் தெரியும். இதற்குப் பிறகுதான் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டும் பேரிங்கும் தங்கள் நிலையைச் சொல்லும்.

பிராக்கெட்டின் போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் சில நாளில் பழைய கதைதான். வெல்டிங் செய்து துளையைச் சரியாக்க வேண்டும், அல்லது பிராக்கெட்டை மாற்ற வேண்டும். புஷ்ஷின் போல்ட்டை, வண்டி தன் பாரத்தில் வழக்கமான உயரத்தில் நிற்கும்போதுதான் முழுதாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

வண்டியை உயர்த்தி, பெரிய டயர் போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அச்சைப் பிடிக்கும் கம்பிகளின் நீளத்தை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால், அச்சு சற்றே உருண்டு காஸ்டர் கோணம் குறையும். ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது அந்தக் கோணம்தான்.

இத்தனையும் இருக்க, பலர் முதலில் மாற்றுவது ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பரை. விலை குறைவு, மாற்றுவது சுலபம், உதறலும் அப்போதைக்கு நின்றுவிடும். ஆனால் அடியில் தேய்ந்த பாகம் தேய்ந்துகொண்டே இருக்கும், கூடுதல் வேகத்தில் ஒருநாள் உதறல் திரும்ப வரும். இது வெறும் சிக்கனப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. அதே சமயம், டேம்பரே குற்றவாளியாக நின்றதும் உண்டு. 2018 மாடல் ரேங்லர்களில் புகார்கள் வந்தபோது, குளிரில் டேம்பரின் தணிக்கும் திறன் போதவில்லை என்று கண்டு, 2019-இல் புதிய டேம்பரை இலவசமாக மாற்றித்தர ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் முன்வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே மாடலின் ஒரு பகுதி வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம், ட்ராக் பார் பிராக்கெட்டின் வெல்டிங்.

ஓடும்போதே ஆட்டம் வந்துவிட்டால், ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்காமல் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நிதானமாக வேகம் குறைத்து ஓரம்கட்ட வேண்டும். பழுது பார்த்த பின் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிடுவார்கள். அடுத்த காட்டுப் பயணம் முடிந்து வந்ததும் குனிந்து பார்த்தால், கோடு உடைந்திருக்கிறதா என்பது ஸ்பானர் இல்லாமலே தெரிந்துவிடும்.