காற்று நின்றாலும் கவனம் வேண்டும்

"காத்துதான் நின்னுருச்சே மிஸ், இன்னும் என்ன பயம்?" பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் ஓர் அக்கா என்னிடம் கேட்டார். அவரது இஸ்தோப்புச் சுவரில் புதிதாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

சூறாவளி என்றால் காற்று என்றே நினைக்கிறோம். அது கடலில் பிறக்கிறது. கடல்நீர் சுமார் 26 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும்போது நீராவி பெருமளவில் மேலெழுகிறது. அங்கே காற்றமுக்கம் குறைய, சுற்றியுள்ள காற்று பாய்ந்து வருகிறது. பூமி சுழல்வதால் அது வளைந்து சுழல்கிறது. நடுவிலுள்ள 'கண்' அமைதியாக இருக்கும். அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் காற்று அடிக்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் சுமார் 900 பேர் இறந்தனர். அங்கே காற்றே வீடுகளையும் தென்னைகளையும் சாய்த்தது.

மலையகத்தில் நிலைமை வேறு. தரைக்கு வந்த சூறாவளிக்குக் கடலின் சூடு கிடைக்காததால் காற்று தளர்கிறது. ஆனால் அது சுமந்துவந்த ஈரம் மலையில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து, பெருமழையாகக் கொட்டுகிறது. 2025 நவம்பர் 28ஆம் திகதி கரைதட்டிய டித்வா சூறாவளியின் காற்று 1978ஆம் ஆண்டைப்போல் கடுமையானதல்ல. எனினும் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் பலரை மண்சரிவு கொண்டுபோனது.

மண்சரிவுக்குச் சூறாவளிகூடத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொடர்மழையாலேயே லயங்கள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணியும் வீடும் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? பாதுகாப்பான இடத்தைக் கேட்பது நமது உரிமை.

சகோதரிகளே, சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டமாக விடுக்கிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்தை அழையுங்கள்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர்கள் நாம். மழைக்காலத்திலும் அந்தப் பை தயாராக இருக்கட்டும்.

அன்று அந்த அக்காவுக்கு வெடிப்பைக் காட்டி விளக்கினேன். இருட்டுமுன்பே பிள்ளைகளுடன் பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விட்டார்.