மூடுபனியும் புகையும்: அரசியற் பேச்சிற் போலி வாதங்கள்

2024 நவம்பர் 18ஆம் திகதி புதிய அமைச்சரவை பதவியேற்றது. ஒரு முஸ்லிம் அமைச்சரும் அதில் இல்லை. அன்றிரவே எங்கள் ஊர் ஜமாஅத்து வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. ‘அமைச்சரவையில் முஸ்லிம் இல்லை. ஆகவே இது முஸ்லிம் விரோத அரசு. எல்லோருக்கும் அனுப்புங்கள்.’ மனம் நொந்திருந்த நேரம். நானும் அதை நாலு குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். அதில் ஒன்று என் உயர்தர வகுப்பு மாணவர்களின் குழு.

அடுத்த நாள் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து நின்றாள். தோட்டப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் பிள்ளை.

“சேர், நீங்க படிப்பிச்ச மணிமேகலையில ஏது எண்டு ஒண்டு வருமே. நீங்க நேத்து அனுப்பின மெசேஜுல ஏது சரியா சேர்?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கும் ஒருவன் தன் பாடத்தைத் தன் கையிலிருக்கும் போனுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை ‘தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை’. காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்க வந்த மணிமேகலைக்கு, அடிகள் முதலிற் சொல்லிக்கொடுப்பது தர்க்கம். ஒரு வாதத்துக்கு உறுப்புகள் உண்டு. நிறுவ வந்த கூற்று ‘பக்கம்’. அதற்குச் சொல்லும் காரணம் ‘ஏது’. காரணத்துக்கும் கூற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் எடுத்துக்காட்டு ‘திட்டாந்தம்’. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருக்கிறது என்பது ஏது. அடுக்களையைப் பார், புகையுள்ள இடத்தில் நெருப்பு இருக்கிறது என்பது திட்டாந்தம்.

இந்த மூன்றும் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, உள்ளே பிழையாக இருந்தால் அதற்குப் ‘போலி’ என்று பெயர். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று அந்தக் காதை எண்ணிக் காட்டுகிறது. நம் மரபிலும் இது புதிய பொருளல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தர்க்கத்துக்கென்றே ‘மிஃயாருல் இல்ம்’ என்ற நூலை எழுதினார். அரபு மத்ரஸாக்களில் மன்திக் ஒரு பாடம்.

ஏதுப்போலிகளில் ஒன்று ஊவாவில் வாழும் எங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். தூரத்தில் தெரிவது ஆவியோ பனியோ என்ற சந்தேகம் தீராமலே, அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டென்று முடிவுகட்டுவது. நமுனுகுல மலையைக் காலையிற் பார்த்தால் உச்சியில் வெண்மையாக ஏதோ தவழும். அநேகமாக அது மூடுபனி. வரட்சிக் காலத்தில், பத்தனைப் புல் பற்றி எரியும்போது, அதே இடத்தில் தவழ்வது புகை. எது என்று அறியக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அல்லது கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பொறுக்காதவன் ஊரைக் கூட்டுவான்.

அம்பாறையில் அப்படித்தான் ஊர் கூடியது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையிற் கறிக்குள் கட்டியாக ஏதோ இருந்தது. ‘மலட்டு மாத்திரை போட்டாயா?’ என்று சிங்களத்திற் கேட்டு நெருக்கினார்கள். சிங்களம் சரளமாக வராத கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்குப் பயந்து ஆமென்பதுபோல ஏதோ சொன்னார். அந்த வீடியோ நாடு முழுக்க ஓடியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்து, அது மாவுக்கட்டி என்றார். உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே இல்லை. இங்கே ஏதுவே நிறுவப்படவில்லை. கட்டி மாத்திரையா என்று பார்க்குமுன் அதை மாத்திரை ஆக்கி, மாத்திரையிலிருந்து சதியை ஆக்கி, சதியிலிருந்து நெருப்பை ஆக்கினார்கள். மணிமேகலை இதை ‘அசித்தம்’ என்னும்.

ஒரு வாரத்தில் திகன. சில முஸ்லிம் இளைஞர்கள் தாக்கியதில் லொறிச் சாரதி ஒருவர் இறந்தார். அது குற்றம், தண்டிக்க வேண்டிய குற்றம். ஆனால் அந்தச் சிலர் செய்ததற்குக் கண்டி மாவட்டத்தில் எத்தனையோ பேரின் வீடும் கடையும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. சிலரின் செயலை ஒரு சமூகத்தின் குணமாக்குவது இந்தப் போலி. இதைக் கண்டுபிடிக்கத் தர்க்கம் படித்திருக்கத் தேவையில்லை. நம் வீட்டுக் கூரையில் நெருப்பு விழுந்தால் எவருக்கும் விளங்கும்.

ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம் கழித்து, 2019 மே 23ஆம் திகதி, ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில் 4000 என்ற எண் வந்தது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிசேரியன் செய்யும்போது 4000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்பது குற்றச்சாட்டு. குருநாகல் வைத்தியசாலையைச் சேர்ந்த ஒரு வைத்தியர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். பலரின் முறைப்பாடு இதுதான்: ‘அவர் ஒபரேஷன் செய்தார், அதன்பிறகு எனக்குப் பிள்ளை இல்லை.’ அந்தத் தாய்மாரின் கவலையை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் ‘அதன்பிறகு’ என்பது ‘அதனால்’ ஆகாது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தால் காகம் தள்ளியதாகாது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மற்ற வைத்தியர்களிடம் சிசேரியன் செய்த தாய்மாரில் எத்தனை பேருக்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை? ஒப்பிட்டுப் பார்க்காத எண் எதையும் நிறுவாது. சட்டவிரோதக் கருத்தடைக்குச் சான்று கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் வைத்தியருக்குப் பிணை கிடைத்தது.

மூன்றாவது போலியை நம் ஜனாஸாக்கள் சுமந்தன. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டில் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டல் கொடுத்திருந்தது. இங்கே கேட்ட வாதம்: ‘வைரஸ் நிலத்தடி நீரிற் கலக்காது என்று நிரூபியுங்கள்.’ கலக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ‘இல்லை’ என்பதை நிரூபிக்கும் பாரத்தை எதிராளியின் தலையில் ஏற்றிவிட்டால், அந்த வாதத்தில் அவர் ஒருநாளும் வெல்ல மாட்டார். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. இடைப்பட்ட காலத்திற் சாம்பலானவர்களுக்கு அந்த மன்னிப்பு போய்ச் சேராது.

இதையெல்லாம் வகுப்பில் நான் சொல்லிக்கொண்டு போனபோது, அதே மாணவி மறுபடி கை உயர்த்தினாள். “சேர், எங்கட ஆக்களுக்கும் இதத்தானே செஞ்சாங்க.”

‘எங்கட ஆக்கள்’ என்று அவள் சொன்னது தோட்டத்து மக்களை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையிற் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயன் காம்பிராவிற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பதிவு எங்கே? ‘பதிவு இல்லை, ஆகவே நீ இந்நாட்டவன் இல்லை’ என்றார்கள். பதியாமல் விட்டது யார் என்று எவரும் கேட்கவில்லை. ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. கணக்கை ஓரளவு முடித்துவைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நிரூபிக்கும் பாரத்தை எதிராளியின் தலையில் ஏற்றும் அதே போலி. 1948இல் அது ‘நீ இந்நாட்டவன் என்று நிரூபி’ என்று வந்தது. 2020இல் ‘உன் மையித் ஆபத்தில்லை என்று நிரூபி’ என்று வந்தது. முதல் முறை வந்தபோது நாம் எங்கே இருந்தோம்? அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த டி. எஸ். சேனாநாயக்க அமைச்சரவையிற் தொழில் அமைச்சராக இருந்தவர், நாம் இன்றும் கல்விமான் என்று கொண்டாடும் டி. பி. ஜாயா. அவரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அவர் கல்விக்குச் செய்ததை மறுக்கவும் முடியாது. ஆனால் ‘நம் ஆள் அமைச்சரவையில் இருந்தார், ஆகவே அங்கே நடந்தது நியாயமாகத்தான் இருந்திருக்கும்’ என்று நினைத்தால் நாம்தான் போலிக்குள் விழுகிறோம்.

பாதி உண்மையும் ஒரு போலிதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நம் மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. ‘முன்னரே எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை’ என்ற பேச்சு அப்போது எழுந்தது. எச்சரிக்கை விட்டது உண்மையாகவே இருக்கட்டும். எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவனிடம் ‘எழும்பிப் போ’ என்று சொன்னதைக் காரணமாகக் காட்டி, போக இடம் கொடுக்காததை விட்டுவிடுகிறார்கள். ஒரு வாதத்தைக் கேட்கும்போது அதிற் சொன்னதை மட்டுமல்லாமல் விடுபட்டதையும் தேட வேண்டும்.

இனி என் செய்திக்கு வருகிறேன். ‘அமைச்சரவையில் முஸ்லிம் இல்லை’ என்பது உண்மை. ‘ஆகவே இது முஸ்லிம் விரோத அரசு’ என்பது முடிவு. நடுவே சொல்லாமல் ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: முஸ்லிம் அமைச்சர் இருந்தால் நாம் பாதுகாப்பு, இல்லாவிட்டால் ஆபத்து. அந்த வாக்கியத்தை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தால்? 2020 ஆகஸ்ட் முதல் நீதி அமைச்சராக அலி சப்ரி இருந்தார். அவர் இருக்கத்தான் நம் ஜனாஸாக்கள் எரிந்தன. ஆக, முஸ்லிம் அமைச்சர் இருந்தும் அநீதி நடக்கும், இல்லாமலும் நடக்கும், நடக்காமலும் போகலாம். இரு பக்கமும் சாயும் இப்படியான ஏதுவை மணிமேகலை ‘அநைகாந்திகம்’ என்கிறது.

இதனால் பிரதிநிதித்துவம் கேட்கக் கூடாது என்றாகாது. அமைச்சரவையில் நம்மவர் ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அரசு நமக்கு விரோதமா இல்லையா என்பதை அதன் சட்டத்தையும் செயலையும் வைத்து நிறுவ வேண்டும். அந்த உழைப்பில்லாமல் நான் அந்தச் செய்தியை அனுப்பினேன். பக்கம் எனக்குப் பிடித்திருந்தது, அதனால் ஏதுவைப் பார்க்கவில்லை. அம்பாறை வீடியோவை அனுப்பியவர்களும் அதைத்தானே செய்தார்கள்?

இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் நாலு கேள்விகள் ஒட்டியிருக்கிறோம். அரசியற் செய்தி ஒன்று கைக்கு வந்தால் கேட்பதற்கு:

சொல்லும் காரணம் உண்மை என்று யார் பார்த்தார்கள்?
அந்தக் காரணத்திலிருந்து அந்த முடிவு வருமா, வேறு முடிவும் வருமா?
சொல்லாமல் விட்டது என்ன?
இதே வாதத்தை நமக்கு எதிராக ஒருவர் சொன்னால் ஏற்பேனா?

முதலாவது கேள்வி நமக்குப் புதிதல்ல. செய்தி கொண்டுவருபவன் தீயவனானால் தீர விசாரியுங்கள் என்பது சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் தரும் கட்டளை. நாலாவதுதான் கஷ்டமானது. நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் சரி என்கிறது சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனம். முதலாவதை நாம் அடிக்கடி மிம்பரிற் கேட்கிறோம். மற்றதையும் கேட்க வேண்டும்.

அன்று மாலை ஜமாஅத்துக் குழுவில் எழுதினேன்: ‘நேற்று நான் அனுப்பிய செய்தியின் முடிவு அதன் காரணத்திலிருந்து வராது. அனுப்பியது என் பிழை.’ ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. ‘சேர் எப்ப அந்தப் பக்கம் பாய்ஞ்சது?’ கீழே சிரிப்புப் படங்கள்.

வாதத்தை விட்டு ஆளைப் பிடிப்பதும் ஒரு போலி. அடுத்த நாள் கரும்பலகையில் அந்தப் பதிலைப் பெயர் இல்லாமல் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் சரியாகவே கண்டுபிடித்தார்கள்.