தகவல் துளி: கரிசலுக்குக் கடற்பாசி

எப்போதும்வென்றான் ஊரின் கரிசல் மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் தன்மை உண்டு. குறைவாக இருப்பது மண்ணின் கரிமச்சத்து. மானாவாரி உழவும், கோடை வெயிலும், ஆடுமாடுகளின் ஓயாத மேய்ச்சலும் அதைத் தின்றுவிடுகின்றன. அதற்குக் கடற்பாசி கைகொடுக்குமா?

மண்டபம் கடற்கரையில் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்னும் பாசியை வளர்க்கிறார்கள். அதைப் பிழிந்து எடுக்கும் சாறு, பயிருக்கு இலைவழித் தெளிப்பாகப் பயன்படுகிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை உருவாக்கியது. சாறு நேரடியாக மண்ணில் சேர்க்கும் கரிமம் சொற்பம். ஆனால் பயிர் செழித்தால் வேர் பெருகும். அந்த வேர் மட்கும்போது அதன் ஒரு பகுதி மண்ணில் கரிமமாகத் தங்கும்.

கரை ஒதுங்கிய பாசியை அப்படியே கொட்டினால், பெரும்பகுதி மட்கி, கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். எஞ்சுவது கொஞ்சமே. காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி இட்டால் கரிமம் நெடுங்காலம் நிலைக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பாசியில் உப்பு அதிகம். கரிசலில் நீர் எளிதில் வடியாது என்பதால் உப்பு தேங்கிவிடும். எப்படி இட்டாலும் முதலில் நல்ல தண்ணீரில் அலசவேண்டும்; கரியாக்காவிட்டால் தொழுவுரத்தோடு மட்கவைத்தே இடவேண்டும். கூடவே, மேய்ச்சல் தரையில் கொழுக்கட்டைப் புல் விதைத்து, மேய்ச்சலைச் சுழற்சி முறையில் மாற்றினால் பலன் கூடும்.

பாசி இடுமுன் மண்ணைப் பரிசோதித்து, கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள்.