மதிப்பெண்ணை வாசிக்கப்போவது யார்?

ஒரு மாணவியின் ஐ.இ.எல்.டி.எஸ். முடிவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: கேட்டல் 7.5, வாசித்தல் 7, பேசுதல் 6, எழுதுதல் 5.5. நான்கையும் கூட்டினால் 26; நாலால் வகுத்தால் 6.5. அவர் விண்ணப்பித்திருக்கும் பல்கலைக்கழகம் கேட்பதும் 6.5-தான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையில் இன்னொரு வரியும் இருக்கிறது: எந்தப் பிரிவிலும் 6-க்குக் கீழே போகக் கூடாது. எழுதுதலில் குறைந்த அந்த அரைப் புள்ளி, மற்ற மூன்று பிரிவுகளில் அவர் பட்ட பாட்டையெல்லாம் பயனில்லாமல் செய்துவிடுகிறது. பட்டப்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஆங்கிலத் தேர்வைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது வரியை யாரும் எடுப்பதில்லை. ‘ஐ.இ.எல்.டி.எஸ். ஈஸியா, பி.டி.இ. ஈஸியா?’ என்பதுதான் முதல் கேள்வியாக வந்து விழுகிறது. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடைசியில் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, இந்த மதிப்பெண்ணை எடுத்து வாசிக்கப்போவது யார், அவர்களுக்கு அதில் என்ன வேண்டும் என்பது.

வாசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர்: பல்கலைக்கழகம் ஒன்று, விசா கொடுக்கும் அரசு இன்னொன்று. இருவரும் ஒரே மாதிரி யோசிப்பதில்லை. அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவுக்கு இன்ன தேர்வில் இவ்வளவு என்று அரசு எதையும் நிர்ணயிக்கவில்லை. பல்கலைக்கழகம் எதை ஏற்கிறதோ அதுவே கணக்கு. ஆஸ்திரேலியாவில் அரசே பட்டியல் போட்டு, எல்லைக்கோடும் கிழித்துவைத்திருக்கிறது. 2024 மார்ச் 23 முதல் அங்கே மாணவர் விசாவுக்கான ஐ.இ.எல்.டி.எஸ். தேவை 5.5-இலிருந்து 6 ஆனது. டோஃபல் தேர்வை 2023 ஜூலையில் அந்த நாட்டு விசாப் பட்டியலிலிருந்து நிறுத்திவைத்து, 2024 மே மாதம்தான் மறுபடி சேர்த்தார்கள். அந்த இடைப்பட்ட மாதங்களில் ஆஸ்திரேலியா போக நினைத்து டோஃபல் எழுதியவர் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் விசாவுக்கு அது உதவியிருக்காது. கனடாவில் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் மாணவர்களுக்கென்று 2018 முதல் இருந்த எஸ்.டி.எஸ். என்ற விரைவு வழி 2024 நவம்பர் 8 அன்று மூடப்பட்டது. அந்த வழிக்கென்று சொல்லப்பட்ட ‘ஒவ்வொரு பிரிவிலும் 6’ என்ற ஆலோசனை மட்டும் இன்னும் வாய்மொழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனின் கதை இன்னும் நுணுக்கமானது, அதனால்தான் அங்கே அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். பட்டப்படிப்புக்கோ முதுகலைக்கோ போகிறவரின் ஆங்கிலத்தை, உரிமம் பெற்ற பல்கலைக்கழகம் தானே மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் பட்டத்துக்குக் கீழ்நிலையில் உள்ள ஃபவுண்டேஷன் போன்ற படிப்புக்குப் போகிறவரிடம் பொதுவாக அரசு அங்கீகரித்த பாதுகாப்பான தேர்வைக் கேட்பார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் அதில் ‘யு.கே.வி.ஐ.’ என்ற தனி வகை உண்டு. கேள்விகள் அதே மாதிரிதான், மதிப்பீடும் அதேதான். கண்காணிப்பு கூடுதல், கட்டணமும் கூடுதல். சாதாரண வகையை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவர், இந்த ஒரு பெயர் வித்தியாசத்துக்காக மறுபடி பணம் கட்டி மறுபடி உட்கார வேண்டி வரும். இவ்வளவு கெடுபிடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2014 பிப்ரவரியில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி, விசாவுக்காக நடத்தப்பட்ட டோயிக் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதைப் படம்பிடித்துக் காட்டியது. அதையடுத்து அந்தத் தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனத்தின் தேர்வுகளை பிரிட்டிஷ் அரசு விசாவுக்கு ஏற்பதை நிறுத்தியது. பல்லாயிரம் மாணவர்கள்மீது சந்தேகம் விழுந்தது. தாங்கள் தவறு செய்யவில்லை என்று நிரூபிக்கப் பலர் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். ஒரு தேர்வின் நம்பகம் உடைந்தால் அதை நேர்மையாக எழுதியவர்களும் நடுத்தெருவில் நிற்க நேரும் என்பதை அந்தப் பிள்ளைகளின் நிலை காட்டியது.

டியோலிங்கோ ஆங்கிலத் தேர்வையும், மதிப்பெண்ணை வாசிக்கப்போவது யார் என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே, ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். இரண்டு நாளில் முடிவு வந்துவிடும். கட்டணமும் மற்றவற்றில் பாதிகூட இல்லை. கொரோனா காலத்தில் தேர்வு மையங்கள் மூடிக்கிடந்தபோது ஏராளமான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை ஏற்கத் தொடங்கின, இன்றும் ஏற்கின்றன. அமெரிக்காவுக்கு மட்டும் விண்ணப்பிப்பவர், தான் குறித்துவைத்த பல்கலைக்கழகங்கள் எல்லாமே இதை ஏற்கின்றன என்றால், பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் மேலே கட்டி வேறு தேர்வு எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதே மாணவர் மாற்று ஏற்பாடாக ஆஸ்திரேலியாவையும் வைத்திருந்தால் கணக்கு மாறிவிடும். வீட்டிலிருந்து எழுதும் தேர்வு எதையும் அந்த நாட்டு விசா ஏற்பதில்லை.

வாசிப்பவரைப் பார்த்துத் தேர்வை முடிவுசெய்ய வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை எல்லா நாடும் ஏற்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அதையே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லையே என்பார்கள். எந்த நாடு என்றே இன்னும் முடிவாகாதவருக்கு இது நியாயமான ஆலோசனை, மறுக்கவில்லை. ஆனால் எந்த நாடு, எந்தப் படிப்பு என்று தெளிவாகிவிட்டவருக்கு வேறு வழிகளும் திறந்திருக்கும்போது, தன் பலவீனம் அதிகம் வெளிப்படும் தேர்வில் போய் உட்கார வேண்டியதில்லை. இந்த இடத்தில்தான் ‘எது ஈஸி’ என்ற கேள்விக்கு உரிய நேரம் வருகிறது. அதையும் ‘எனக்கு எது’ என்று திருத்திக் கேட்க வேண்டும்.

பேசும் பகுதியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார். 11 முதல் 14 நிமிடப் பேச்சு. நடுவில் ஒரு அட்டையில் தலைப்பைக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடமும் குறித்துக்கொள்ளத் தாளும் தருவார்கள். பிறகு ஓரிரு நிமிடம் பேச வேண்டும். கேள்வி புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்கலாம். பி.டி.இ.யில் எதிரில் இருப்பது திரை, வாய்க்கு நேரே மைக். திரையில் ஒரு வரைபடம் வரும். 25 விநாடி பார்க்கலாம், 40 விநாடி பேசலாம். இடையில் மூன்று விநாடி மௌனமாக இருந்தால் மைக் தானாக மூடிக்கொள்ளும். அதே அறையில் மற்றவர்களும் தங்கள் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். சரியான சொல்லைத் தேடி நின்று, சொன்ன வாக்கியத்தைத் திருத்தி மறுபடி சொல்லும் வழக்கம் உள்ளவர், அவர் எவ்வளவு நல்ல ஆங்கிலம் அறிந்தவராக இருந்தாலும், அங்கே திணறுவார். மாறாக, அந்நியர் முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அந்த மைக்தான் துணை. நமக்கு எது பொருந்தும் என்பதை எந்தக் கோச்சிங் சென்டராலும் வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது. இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பார்த்தால் நமக்கே தெரிந்துவிடும். அப்படிப் பார்க்கும்போது மொத்தத்தை விட்டுவிட்டு, எந்தத் தேர்வில் நம்முடைய மிகக் குறைந்த பிரிவு நிபந்தனைக்கு மிக அருகில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பி.டி.இ.யைக் கணினிதானே திருத்துகிறது, நாலு வார்ப்பு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தேர்வில் புதிதாக இரண்டு பேச்சுக் கேள்வி வகைகள் சேர்ந்திருக்கின்றன. மனப்பாட விடைகளைப் பிடிக்க மனிதர்களின் பார்வையும் சேர்ந்திருக்கிறது. டோஃபல் அதைவிட அதிகமாக மாறிவிட்டது. 2026 ஜனவரி 21 முதல் அது 1 முதல் 6 வரையான புதிய அளவுகோலில் மதிப்பெண் தருகிறது. விடைகளைப் பொறுத்துக் கேள்விகளின் கடினமும் மாறுகிறது. அண்ணன் படித்த டோஃபல் புத்தகம் தம்பிக்கு ஆகாது.

தேர்வே தேவையில்லை, கல்லூரியில் ஆங்கில வழியில்தானே படித்தோம் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரி தரும் சான்றிதழையோ, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையோ ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. எந்தப் பாடத்திட்டத்தில் எவ்வளவு மதிப்பெண் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்; அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் பல்கலைக்கழகம் கொடுக்கும் விலக்கு விசாவுக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் இன்னொரு இடமும் உண்டு: சேர்க்கைக்கு விலக்கு கொடுத்த பல்கலைக்கழகமே, ஆசிரிய உதவியாளர் பணிக்குத் தனியாகப் பேச்சுத் தேர்வு மதிப்பெண் கேட்கலாம். கட்டணச் சலுகையும் மாதப் பணமும் பல இடங்களில் அந்தப் பணியோடு வரும் என்பதால், கடன் வாங்கிப் படிக்கப்போகும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டிலேயே எழுதிவைத்துவிட்டு, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர் திரும்ப எழுத வேண்டியிருக்கும். தொடக்கத்தில் பார்த்த அந்த 5.5 மாணவிக்கு முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகலாம். கணினியில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஏதாவது ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுத இப்போது வழி உண்டு. அவர் எழுதுதலை மட்டும் எழுதினால் போதும். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அப்படி வந்த சான்றிதழை ஏற்பதில்லை. அதனால் அவர் பணம் கட்டுவதற்கு முன்னால் தன் பல்கலைக்கழகத்தைக் கேட்டுவிட வேண்டும். அறுபது நாளில் எத்தனை நாள் மிச்சம் என்றும் எண்ணிக்கொள்ள வேண்டும்.