புதுப் பள்ளியில் முதல் மாதம்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தோட்டத்து முச்சந்தியில் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். பெரட்டுக்குப் புறப்படும் தாய்மார்கள் பிள்ளைகளை ஏற்றிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை பேருந்தில் ஏறிவிட்டால் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், படிவம் ஒன்றில் சேர்ந்த பையன் ஒருவன் அப்படிப் போய்ச் சேரவில்லை. பள்ளி வாசலில் இறங்குவான், உள்ளே போகமாட்டான். மூன்று நாள்கள் பட்டணத்துப் பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் ஒன்றும் நடக்காதவன்போல் வீடு திரும்பினான். நான்காம் நாள் விஷயம் தெரிந்து அவனுடைய தாயார் என்னிடம் ஓடி வந்தார்.

“அப்பாவும் அடிச்சுப் பார்த்துட்டாரு. வாயைத் திறக்கமாட்டேங்கிறான். நீங்க கேட்டாத்தான் சொல்வான், டீச்சர்.”

என்னிடம் ஆறாண்டுகள் படித்த பையன். வகுப்பில் வாய் ஓயாதவன். அன்று என் முன்னால் தலை குனிந்து நின்றான். வெகுநேரம் கழித்துத்தான் சொன்னான்.

“நான் மரியாதையில்லாமப் பேசலை, டீச்சர். எனக்குத் தெரிஞ்ச மலாய் அதுதான்.”

நடந்தது இதுதான். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, ‘இது உங்களுடையதா?’ என்று புதிய ஆசிரியரிடம் கேட்டிருக்கிறான். ‘உங்களுடையதா’ என்பதற்கு அவன் பயன்படுத்திய சொல் ‘லு’. வகுப்பே சிரித்தது. ஆசிரியர் முகம் கடுத்துவிட்டது. மறுநாள் முதல் மற்றப் பையன்கள் அவனை ‘லு, லு’ என்றே கூப்பிட்டார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த மௌனத்தையும் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைப் பேச்சும் பள்ளிப் பேச்சும்

‘குவா’, ‘லு’ என்பவை ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த சொற்கள். சந்தையிலும் தவுக்கே கடையிலும் எல்லா இனத்தாரும் கலந்து பேசும் மலாயில் அவை சாதாரணம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மலாயைக் காதால் கேட்டது அங்கேதான். ஆசிரியரிடம் அதே சொல்லைச் சொன்னால், பெரியவரைப் பார்த்து ‘நீ’ என்று சொன்னதற்குச் சமம்.

மலாயில் தன்னைச் சொல்ல ‘சாயா’, கூடப் படிப்பவரிடம் ‘அவாக்’ என்பது போதும். ஆசிரியரிடம் ‘அவாக்’கும் ஆகாது, ‘சிக்கு’ என்றே சொல்லவேண்டும். ‘டீச்சர் சாப்பிட்டாச்சா?’ என்று நாம் கேட்பதில்லையா? அதே முறைதான். பள்ளித் தோட்டக்காரரும் சிற்றுண்டிச்சாலை அம்மாவும் ‘பாக் சிக்’, ‘மாக் சிக்’. மூத்த மாணவர் ‘அபாங்’, ‘காக்காக்’. நாம் மாமா, அத்தை, அண்ணன், அக்கா என்று அழைப்பதுபோல் மலாய்க்காரர்களும் உறவு சொல்லித்தான் அழைக்கிறார்கள். பெரியவர் முன்னால் கடக்கும்போது சற்றுக் குனிந்து ‘தும்பாங் லாலு’ என்பார்கள். ஆளையோ பொருளையோ ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டாமல், வலக்கைப் பெருவிரலால் காட்டுவார்கள். இவற்றில் எதுவும் பெரிய வித்தையல்ல. ஆனால் யாராவது ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்?

இங்கே குற்றம் என் மீதும் உண்டு. ஆறு ஆண்டுகள் அந்தப் பையனுக்கு மலாய்க் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்தோம். சோதனைக்கு வேண்டிய எல்லாம் கொடுத்தோம். கழிவறைக்குப் போக எப்படி அனுமதி கேட்பது, புரியவில்லை என்றால் எப்படிச் சொல்வது, தவறு செய்துவிட்டால் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று ஒருநாளும் வாய்விட்டுப் பழக்கவில்லை.

எனக்கே இது தெரிந்திருக்க வேண்டும். நானும் பால்மரம் வெட்டிய தாயின் மகள்தான். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தேன். முதல் வாரம் அனுமதி கேட்கத் தெரியாமல் காலை முதல் மதியம் வரை பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை.

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் சிறியவற்றில் எல்லா ஆசிரியர்களுக்கும் எல்லாப் பிள்ளைகளையும் தெரியும். தாய் தகப்பன் பெயரும் தெரியும். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு அரசாங்கத் தமிழ் இடைநிலைப்பள்ளி என்று ஒன்று கிடையாது. எல்லாரும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான் போகவேண்டும்.

இந்த வாசலும் எளிதில் திறந்ததல்ல. 1964-இல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு எடுக்கப்படும்வரை, தேறாத பிள்ளைகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. 1965 முதல்தான் எல்லாரும் மேலே போக முடிந்தது. பிறகு 1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பில் தொடங்கிய மலாய்மொழிப் போதனை, 1976-இல் படிவம் ஒன்றை எட்டியது. வாசல் திறந்துவிட்டது. உள்ளே போய் நிற்கும் துணிவைப் பிள்ளைக்கு நாம்தான் கொடுக்கவேண்டும்.

மலாய் நமக்கு அந்நியமா?

பிள்ளைகளிடம் நான் ஒரு விளையாட்டு வைப்பேன். கப்பலுக்கு மலாயில் என்ன? ‘கப்பால்’. கடைக்கு? ‘கெடாய்’. கட்டில்? ‘காட்டில்’. பெட்டி? ‘பெத்தி’. முதல் போட்டு வியாபாரம் செய்கிறோமே, அந்த முதல்? ‘மொடால்’. எல்லாம் தமிழிலிருந்து போன சொற்கள்! மேசை, சன்னல், அலமாரி என்று நாம் சொல்வதும், ‘மேஜா’, ‘ஜெண்டேலா’, ‘அல்மாரி’ என்று அவர்கள் சொல்வதும் போர்த்துக்கீசியரிடமிருந்து இருவரும் வாங்கியவை. 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்களே, அதே போர்த்துக்கீசியர்கள்தான். ‘செக்கோலா’ என்ற சொல்லே அவர்கள் கொடுத்தது.

வெள்ளைக்காரர்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்த முன்ஷி அப்துல்லா நம் மலாக்காவில் பிறந்தவர். அரபு, தமிழ் வழி வந்த குடும்பம். சிறுவயதில் தமிழும் படித்தவர். 1849-இல் அச்சான அவருடைய ‘ஹிக்காயாட் அப்துல்லா’ இன்றும் மலாய் இலக்கியத்தில் பெயர் பெற்ற நூல். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெற்றோர்களே, நீங்கள் செய்யக்கூடியவை

பள்ளி திறக்குமுன் ஒருநாள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளியைக் காட்டுங்கள். அலுவலகம், கழிவறை, சிற்றுண்டிச்சாலை, பேருந்து நிற்கும் இடம் ஆகியவை தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மாலையில் வந்ததும் ‘என்ன மார்க்?’ என்று கேட்காதீர்கள். ‘இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே? யாரோட சாப்பிட்டே?’ என்று கேளுங்கள். ஒரு மாதமாகியும் ஒரு பெயர்கூட வரவில்லையென்றால், ஏதோ சங்கடம் இருக்கிறது. உடனே பிரம்பை எடுக்கவேண்டாம்.

நம் பிள்ளைகளோடு மட்டும் ஒட்டிக்கொண்டு ஐந்து வருடமும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பதும் சரியல்ல. பந்து விளையாட்டிலோ சாரணர் இயக்கத்திலோ சேர்த்துவிடுங்கள். சேர்ந்து விளையாடும்போது மொழி தானாக வரும். மாலை நடவடிக்கைக்குப் பேருந்து இல்லையென்றால், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்ளலாம்.

அதற்காகத் தமிழை விடவேண்டியதில்லை. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வசதி செய்யக் கல்விச் சட்டத்தில் இடமுண்டு. கேட்காமல் இருந்துவிட்டு, பிறகு பிள்ளை எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரச்சினை என்றால் பள்ளிக்கு நேரில் போங்கள். ‘நமக்கு மலாய் சரியா வராதே, டீச்சர்’ என்று கூச்சப்படுகிறீர்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். வகுப்பாசிரியரையும் ஆலோசக ஆசிரியரையும் பார்த்துப் பேசினால் தீராத சங்கதி குறைவு.

அந்தப் பையனின் தாயார் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தார். வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொன்னோம். “தோட்டத்துக் கடையில் இப்படித்தான் பேசுவார்களா? எனக்குத் தெரியாதே!” என்றார் அவர். பையனைக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்துப் பேசினார். பையனும் மன்னிப்புக் கேட்டான். பத்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று நாள் பேருந்து நிலையத்தில் உட்காரவைத்த விஷயம்!

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கடைசி மாதங்களில் நான் பயிற்சி கொடுக்கிறேன். ஒருவர் சிக்கு, ஒருவர் புது மாணவர். அனுமதி கேட்பது, வழி கேட்பது, ‘சிக்கு, சாயா தாக் பாஹாம்’ என்று தலைநிமிர்ந்து சொல்வது. சிரித்துக்கொண்டே பழகிவிடுகிறார்கள்.

பையன் வகுப்பில் முதல் மாணவனாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் பேருந்து நிலையத்தில் உட்காரவில்லை. பின்னொரு நாள் பந்து விளையாட்டு முடிந்து, ஒரு மலாய்ப் பையனையும் ஒரு சீனப் பையனையும் தோட்டத்து வீட்டுக்கே அழைத்து வந்தான். அவனுடைய தாயார் மூவருக்கும் தோசை சுட்டுப் போட்டார். வந்த பிள்ளைகள் அவரை ‘மாக் சிக்’ என்றே அழைத்தார்கள்.