உறைந்தும் பனிக்கட்டியாகாத நீர்

காரைக்காலைச் சார்ந்த விழிதியூர் முதலிய சிற்றூர்களில் பசு பருவத்திற்கு வந்து கத்தத் தொடங்கினால், உழவர் இந்நாளில் பெரும்பாலும் காளையைத் தேடிச் செல்வதில்லை. சினை ஊசி போடுபவரையே அழைக்கின்றனர். அவர் கொணரும் குடுவையில் திரவ நைட்ரஜன் உளது. அதன் குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி. அதனுள் அமிழ்ந்து கிடக்கும் உறைவிந்துக் குச்சி ஒன்று கால் மில்லிலிட்டரே கொள்ளும். இக்குச்சியை வகுத்தவர் ரோபேர் கஸ்ஸூ என்னும் பிரெஞ்சுக்காரர். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த பகுதிக்கு இது பொருத்தமே!

குச்சியிலுள்ளது முற்றும் பனிக்கட்டியோ எனின், அன்று. சர்க்கரைப் பாகைப் பல நாள் அசையாது வைத்தால், அதன் மூலக்கூறுகள் ஒழுங்குற அணிவகுத்துக் கற்கண்டாகின்றன. அதனையே முறுகக் காய்ச்சி விரைவில் ஆற்றினால், அணிவகுக்க அவகாசமின்றி, நின்ற நிலையிலேயே இறுகித் தெளிந்த மிட்டாயாகின்றது. முன்னது படிகம், பின்னது ஒருவகைக் கண்ணாடி.

நீரோ படிகமாவதில் மிக விரைவுடையது. உயிரணுவினுள் பனிப்படிகம் வளரின் அதன் சவ்வு சிதையும். 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர், கிளிசரின் கலந்தால் சேவலின் விந்தணுக்கள் உறைந்து உருகிய பின்னும் உயிர்த்தசைதலைக் கண்டனர். சீட்டு மாறிய புட்டியொன்றே அவர்களுக்கு இவ்வழியைக் காட்டிற்றாம்.

குளிரேறுங்கால், முதலில் அணுக்களுக்குப் புறத்தேயுள்ள நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாகின்றது. எஞ்சிய திரவத்தில் கிளிசரினும் உப்பும் செறிகின்றன. அச்செறிவு அணுவின் அகத்து நீரையும் வெளியே ஈர்க்கின்றது. பாகுபோற் கனத்த அத்திரவம் மேலும் குளிர்ந்து கண்ணாடியாய் இறுக, பனிக்கட்டிகளுக்கிடையே ஓடும் அக்கண்ணாடி வாய்க்கால்களில் அணுக்கள் தங்குகின்றன. கிளிசரின் மிகினும் கேடே; ஆதலின் காளை விந்தில் நூற்றுக்கு ஏழு பங்களவே சேர்ப்பர்.

ஆபத்து குடுவையின் வாயில் உளது. வேண்டிய குச்சியைத் தேடுவோர் கொத்தை மேலே தூக்கிச் சில விநாடி நின்றாலும், மெல்லிய குச்சிகள் விரைந்து சூடேறும், கண்ணாடி இளகும், சிறு பனிப்படிகங்கள் கூடிப் பெரியனவாகும். மீண்டும் அமிழ்த்தினால் புறத்தோற்றத்தில் யாதொரு வேறுபாடும் தோன்றாது. கெட்டது கெட்டதே. 21 நாள் கழித்துப் பசு மறுபடி கத்தும்போது உழவர் தம் பசுவையே குறை கூறுவர். பழி சில வேளை குடுவையின் வாயில் கழிந்த அச்சில விநாடிகளுடையது.

உருக்குங்காலும் மெல்ல நிழலில் வைத்தலே நலமென்று தோன்றும். அது தவறு. இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்தவுடன் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் இடல் வேண்டும். படிகம் வளர அங்கே அவகாசமில்லை.