இணைப்பைத் தட்டினால் கமிஷன்: புதிய பதிவர்கள் சறுக்குவது எங்கே?

"அண்ணே, நாலு லிங்க் போட்டா மாசம் பத்தாயிரம் வருமாமே, நெசமா?"

பெரம்பலூரிலோ அரியலூரிலோ கல்லூரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் இந்தக் கேள்வி வந்துவிடும். சென்னைக்கோ திருப்பூருக்கோ போகாமல், வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க ஒரு வழி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பணம் வருமா என்றால், வரும். ஆனால் முதல் ஆறு மாதத்தில் பலர் செய்யும் தவறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. அவற்றில் சில பதிவருக்கு மட்டும் நஷ்டம். சில, அவரை நம்பிப் பொருள் வாங்கியவருக்கும் நஷ்டம்.

அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்றால் என்ன?

நம்ம ஊர் பாஷையில் சொன்னால், தரகு. ஒரு பொருளைப் பற்றி நீங்கள் எழுதுகிறீர்கள். அதில் உங்கள் அடையாளக் குறியீடு கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். வாசகர் அதைத் தட்டி, கடைக்குப் போய் வாங்கினால், விலையில் ஒரு சிறு சதவீதம் உங்களுக்கு வரும். வாசகர் கூடுதலாக எதுவும் கொடுப்பதில்லை. கடைதான் தன் லாபத்திலிருந்து தருகிறது.

இதைப் பெரிய அளவில் பரப்பியது அமேசான். 1996-ல், அது புத்தகம் மட்டும் விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 2013-ல் அந்த நிறுவனம் இந்தியாவில் கடை திறந்த பிறகு இங்குள்ள பதிவர்களுக்கும் வாய்ப்பு வந்தது.

தமிழில் வலைப்பூக்கள் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செழித்திருந்தன. 'தமிழ்மணம்' திரட்டி வந்தது 2004-ல். ஆனால் அன்று எழுதியவர்களில் காசை எதிர்பார்த்து எழுதியவர் குறைவு. எதிர்பார்த்தாலும் வழியில்லை, கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டதே 2018-ல்தான். இந்தத் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. ஆங்கிலப் பதிவர்கள் இருபது ஆண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்டதை நம்மவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கற்க வேண்டியிருக்கிறது.

படைப்புழுவும் ஒரு பொறியும்

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பட்டதாரி விவசாயக் கருவிகள் பற்றி வலைப்பூ தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு நல்ல தேர்வுதான். பெரம்பலூரும் அரியலூரும் மக்காச்சோளம், பருத்தி விளையும் மாவட்டங்கள். 2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட அமெரிக்கன் படைப்புழு, அதே ஆண்டு இங்குள்ள மக்காச்சோளக் காடுகளையும் பதம் பார்த்தது. அன்றிலிருந்து இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றித் தேடாத விவசாயி இல்லை.

நம் பதிவர், 'படைப்புழுவை ஒழிக்கும் சிறந்த ஐந்து பொறிகள்' என்று ஒரு கட்டுரை போடுகிறார். ஆன்லைன் கடையில் நட்சத்திரம் அதிகம் உள்ள ஐந்து பொருட்களின் படங்களை எடுத்து, கீழே இணைப்பு. ஒன்றைக்கூட அவர் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று, பொறிக்குள் மாட்டும் வாசனை வில்லை ('லூர்' என்பார்கள்) ஒவ்வொரு பூச்சிக்கும் தனி. பருத்திக் காய்ப்புழுவுக்கான லூரை மக்காச்சோளத்தில் மாட்டினால் படைப்புழுவின் அந்துப்பூச்சி எட்டிக்கூடப் பார்க்காது. கடைப் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவது, பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டுமே. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும் புழுவை அது ஒன்றும் செய்யாது. பூச்சி நடமாட்டம் எவ்வளவு என்று கண்காணிக்கத்தான் முதலில் அந்தப் பொறி. 'ஒழிக்கும்' என்ற சொல்லே பொய்.

இந்தக் கட்டுரையை நம்பிப் பொறி வாங்கி மாட்டிவிட்டு, "அதான் பொறி வச்சாச்சே" என்று பத்து நாள் சும்மா இருந்த விவசாயிக்கு என்ன ஆகும்? பதிவருக்குக் கிடைத்த கமிஷன் சில பத்து ரூபாய். அந்த விவசாயி இழப்பது ஒரு போகத்து விளைச்சலாகக்கூட இருக்கலாம். கையில் எடுத்துப் பார்க்காத பொருளைப் பரிந்துரைப்பதுதான் முதல் தவறு, மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு என்பேன்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2011-ல் பிரையன் லாம் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 'வயர்கட்டர்' என்ற தளத்தைத் தொடங்கினார. நூறு பொருட்களைப் பட்டியல் போடுவதற்குப் பதிலாக, நாள்கணக்கில் சோதித்துப் பார்த்து 'இதை வாங்குங்கள்' என்று ஒன்றைச் சொல்வதுதான் அதன் பாணி. வருமானம் பெரும்பாலும் இதே அஃபிலியேட் இணைப்புகளில் இருந்துதான். வாங்கியவர் பிடிக்காமல் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போய்விடும் என்பதால், நல்ல பொருளைச் சொல்வதே அதற்கு லாபம். 2016-ல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது.

நமக்கு ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம். பக்கத்துக் காட்டுக்காரர் வைத்திருக்கும் பேட்டரி ஸ்பிரேயரை ஒரு நாள் வாங்கி முதுகில் மாட்டிப் பாருங்கள். எத்தனை டேங்க் அடித்ததும் சார்ஜ் இறங்குகிறது, உதிரி நாசில் பெரம்பலூரில் கிடைக்கிறதா, திருச்சிக்குப் போக வேண்டுமா? இதை எழுதினாலே எந்த ஆங்கிலத் தளமும் தராத தகவலை நீங்கள் தந்துவிடுவீர்கள்.

கணக்குப் போடாமல் கனவு காண்பது

ஒரு ஸ்பிரேயர் 3,000 ரூபாய், கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு 150 ரூபாய். கட்டுரையை ஆயிரம் பேர் படித்து, நூறு பேர் இணைப்பைத் தட்டி, மூன்று பேர் வாங்கினால் 450 ரூபாய். அதில் ஒருவர் திருப்பி அனுப்பினால் 300. மாதம் பத்தாயிரம் வேண்டுமென்றால் இப்படி எத்தனை கட்டுரை, எத்தனை ஆயிரம் வாசகர் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அந்தப் பணமும் உடனே கைக்கு வராது. அமேசான் திட்டத்தில் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் பணம் வரும். இணைப்பைத் தட்டியதன் பலன் 24 மணி நேரம்தான். "அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்று வாசகர் மூடிவிட்டால் போச்சு. சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கே மூடப்படும். வாசகரே இல்லாத புதிய வலைப்பூவில் முதல் நாளே கணக்குத் திறப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலில் இருபது கட்டுரை எழுதி, ஆள் வரத் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

கமிஷன் விகிதமும் கடையின் கையில்தான். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் மரச்சாமான், வீட்டுப் பராமரிப்புப் பொருட்களுக்கான கமிஷனை 8 சதவீதத்தில் இருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. ஒரே கடையை நம்பி இருந்த பதிவர்களுக்கு ஒரே இரவில் பாதிக்கும் மேல் வருமானம் போனது.

கூகுளை மட்டும் நம்புவதும் இதே கதைதான். காற்றுச் சுத்திகரிப்பான்களை வாங்கிச் சோதித்து எழுதிவந்த 'ஹவுஸ்ஃப்ரெஷ்' என்ற சிறிய தளம், 2024-ல் தேடலில் இருந்து வரும் வாசகர்களில் சுமார் 90 சதவீதத்தை இழந்துவிட்டதாக வெளிப்படையாக எழுதியது. அவர்கள் நேர்மையாகத்தான் வேலை செய்தார்கள். நேர்மை மட்டும் போதாது, வாசகர் நேராக உங்களைத் தேடி வர ஒரு வழியும் வேண்டும் என்று அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

விதிமுறையைப் படிக்காமல் 'ஏற்கிறேன்' போடுவது

யாரும் படிப்பதில்லைதான். ஆனால் கணக்கு முடக்கப்பட்டு, சேர்ந்திருந்த கமிஷனும் போன பிறகு படிப்பதில் என்ன பயன்? தன் இணைப்பிலேயே தானே வாங்குவது, "என் லிங்க்ல வாங்கு மாப்ள, பாதி உனக்குத் தரேன்" என்று ஆசை காட்டுவது, இணைப்பை எஸ்எம்எஸ்ஸிலோ அச்சிட்ட நோட்டீஸிலோ போடுவது எல்லாமே அமேசான் விதிகளின்படி தவறு. விலையைக் கட்டுரைக்குள் கையால் தட்டி வைப்பதும் வம்புதான். விலை மாறிக்கொண்டே இருக்கும். "2,499 ரூபாய்னு போட்டிருந்தியே, அங்க போனா 3,100 காட்டுது" என்று கேட்கும் வாசகர் அடுத்த முறை வரமாட்டார்.

குறுக்கு வழியில் போனவர்களின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் ஷான் ஹோகன் என்பவர் இபே தளத்தின் முன்னணி அஃபிலியேட்களில் ஒருவர். தன் பக்கத்துக்கு வருபவர் எதையும் தட்டாமலேயே, தட்டியதுபோல அவர் கணினியில் குறியீட்டைத் திணித்துக் கமிஷன் வாங்கினார். ஒரு கோடி டாலருக்கும் மேல் சம்பாதித்த பிறகு வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2014-ல் ஐந்து மாதச் சிறைத் தண்டனை.

துண்டுக்குள் பேசும் பேரம்

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் தரகர் என்பது சந்தைக்கே தெரியும். வலைப்பூவில் அது தெரியாது என்பதுதான் சிக்கல். வாசகர் உங்களை நண்பராக நினைத்துப் படிக்கிறார்.

இதற்கு இந்தியாவில் இப்போது சட்டமே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்கள், பரிந்துரைகள் குறித்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை, சமூக ஊடகங்களில் பொருட்களைப் பரிந்துரைப்பவர்களுக்குத் தனியாக ஒரு கையேடு கொடுத்தது. பணம், இலவசப் பொருள், கமிஷன் என எந்த லாபம் இருந்தாலும் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. கட்டுரை எந்த மொழியோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. தமிழ்க் கட்டுரைக்கு அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

'இந்த இணைப்பின் வழியாக வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும்' என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதினால் முடிந்தது. எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். நம்ம ஆட்கள் தரகு கொடுக்கத் தயங்குவதில்லை, மறைத்தால்தான் கோபம் வரும்.

வரி விஷயமும் சுருக்கமாக: கமிஷன் வருமானமும் வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம் வரை போகும். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. அந்தக் கவலை வரும் நாளில் ஆடிட்டர் வைத்துக்கொள்ள வசதியும் வந்திருக்கும்.

சேரவே பணம் கேட்டால்?

"ஐயாயிரம் கட்டி கோர்ஸ்ல சேருங்க, அப்புறம் அதே கோர்ஸ நாலு பேருக்கு வித்தா பாதி உங்களுக்கு." இதையும் அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்றுதான் சொல்லி அழைக்கிறார்கள். ஹோட்டல் ஹாலில் கூட்டம், கோட் சூட், மேடையில் கார் சாவி. உண்மையான அஃபிலியேட் திட்டத்தில் சேர ஒரு ரூபாய்கூடக் கேட்கமாட்டார்கள். ஆள் சேர்ப்பதற்குத்தான் காசு என்றால் அது பிரமிடு. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லிருந்தே இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. இதில் மாட்டுகிறவர் முதலில் விற்பது தன் சித்தப்பா மகனுக்கும் கல்லூரித் தோழனுக்கும்தான். போன பணத்தைவிட அந்த உறவுகளைச் சரிசெய்யத்தான் ரொம்ப நாள் ஆகும்.

பழைய கட்டுரையை என்ன செய்வது?

தெரியாமல் எழுதிவிட்டோம், இப்போது புரிகிறது. அழித்துவிடலாமா? அழிப்பதைவிடத் திருத்துவது நல்லது. ஏற்கெனவே அதைப் படித்து வாங்கியவர் திரும்பி வந்து பார்த்தால் பதில் இருக்க வேண்டும். மேலே தேதி போட்டு, எது தவறு என்று இரண்டு வரி எழுதுங்கள். பார்க்காத பொருட்களின் இணைப்பை எடுத்துவிடுங்கள். மீதி இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். 'இந்தப் பொருள் இப்போது இல்லை' என்று காட்டும் இணைப்புகள் எத்தனை என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

நம் வேப்பந்தட்டைப் பதிவர் செய்ய வேண்டியதும் அதுதான். 'ஒழிக்கும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்த லூர் எந்தப் பூச்சிக்கு என்று டப்பாவில் எங்கே பார்ப்பது என ஒரு படம் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவிட்டு வாங்கச் சொல்ல வேண்டும். இங்கே மானாவாரி மக்காச்சோளம் பெரும்பாலும் புரட்டாசியில் விதைக்கிறார்கள். பொறியைத் தேடி ஆட்கள் வரத் தொடங்குவது அதற்கடுத்த சில வாரங்களில். ஆவணிக்குள் திருத்திவிட்டால் நல்லது.